அப்பாவின் கிரயப் பத்திரமும் ஒரு வீட்டுக் கடன் விண்ணப்பமும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காப்பி குடித்துக்கொண்டே மெதுவாகப் படியுங்கள். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒருநாள் இரவு பத்தரை மணிக்குப் போன் வந்தது. 1997-ல் என்னிடம் நாலாம் வகுப்பு படித்த பெண். வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பிப்பவள். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் எழுத அனுமதி கொடுத்தாள்.

"அய்யா, தூங்கிட்டீங்களா? எனக்கு ஒரு வாரமாத் தூக்கமே வர மாட்டீங்குதுங்கய்யா. வயித்துக்குள்ள என்னமோ பண்ணுதுங்க."

உடம்புக்கு ஏதோ என்று பயந்துவிட்டேன். விஷயம் வேறு. அவளும் வீட்டுக்காரரும் முதல்முறையாகச் சொந்த வீடு வாங்குகிறார்கள். ஈரோட்டுக்கு வெளியே மூன்று சென்ட் இடத்தில் ஒரு சின்ன ஒட்டு வீடு. விலை 28 லட்சம். சேர்த்து வைத்ததையெல்லாம் வழித்தெடுத்து 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, மூன்று மாதத் தவணைக்கு அக்ரிமெண்ட் போட்டாயிற்று. மீதி 25 லட்சத்துக்கு வங்கியில் விண்ணப்பம். அவள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் கணக்கு பார்க்கிறாள், சம்பளச் சீட்டு உண்டு. வீட்டுக்காரர் சொந்தமாகக் குட்டியானை வண்டி ஓட்டுகிறார், சீட்டும் இல்லை ஒன்றும் இல்லை. இரண்டு மாதம் ஓடிப்போய்விட்டது. தவணைக்குள் கிரயம் முடிக்காவிட்டால் அட்வான்ஸ் போய்விடும் என்று அக்ரிமெண்டில் எழுதியிருக்கிறது.

"நாங்க என்ன திருட்டுப் பசங்களாங்கய்யா? போறப்பெல்லாம் புதுசா ஒரு காயிதம் கேக்கறாங்க. இப்ப விக்கறவரோட அக்கா கையெழுத்து வேணுமாம். அந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாதுங்க."

அவள் கேட்டது நியாயமான கேள்வி. அன்று இரவு அவளுக்குப் பாதிதான் பதில் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். நான் சரித்திரத்தில் பட்டம் வாங்கியவன் இல்லை, ஆசிரியர் பயிற்சி முடித்த இடைநிலை ஆசிரியன். ஆனால் ஒரு காகிதம் இல்லாமல் போனதால் என்ன ஆகும் என்பதை ஒன்பது வயதிலேயே எங்கள் வீட்டுத் திண்ணையில் பார்த்தவன்.

எங்கள் அப்பாவுக்குக் கொடுமுடிப் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் இரண்டு ஏக்கர் இருந்தது. மஞ்சளும் நெல்லும் மாறி மாறிப் போடுவார். 1968-ல் பெரிய அக்கா கல்யாணத்துக்கு நாலாயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அக்கம்பக்கத்தில் வட்டிக்குக் கொடுத்து வாங்குகிற ஒருவர் கொடுத்தார். பெயர் எதற்கு, அவரும் இல்லை, அப்பாவும் இல்லை. "அடமானம்னு எழுதினா செலவு, வில்லங்கம். கிரயமாவே எழுதிக்குவோம். மூணு வருசத்துல பணத்தைக் குடுங்க, திருப்பி எழுதித் தர்றேன். நமக்குள்ள என்னங்க" என்றார். அப்பா கையெழுத்துப் போட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும், மூன்றாம் வகுப்பு வரை போனவர். ஆனால் பத்திரத்தை வாங்கிப் படித்துப் பார்க்கவில்லை. படித்தால் அந்த மனிதரை நம்பாதது போல ஆகிவிடும் என்று கூச்சம்.

1971-ல் பணத்தை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு போனார். நானும் கூடப் போனேன். "கிரயம் கிரயந்தானுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் அவர். அப்பா வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. மகுடேசுவரர் கோயிலைத் தாண்டிப் படித்துறையில் வந்து உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஈரோட்டில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "திருப்பி எழுதித் தர்றேங்கிற நிபந்தனை இதே பத்திரத்துல இருக்கோணும். இல்லீன்னா கோர்ட்டு இதை அடமானம்னு எடுத்துக்காது" என்றார்.

அவர் சொன்னது என்ன சட்டம் என்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. 1882-ல் வந்த சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-ஆவது பிரிவு அடமானத்தை வகை வகையாகப் பிரித்துச் சொல்கிறது. அதில் ஒரு வகை, விற்பது போல எழுதிக் கொடுத்து, பணத்தைத் திருப்பித் தந்ததும் மீட்டுக்கொள்வது. இதில் வாய்ச்சொல்லை வைத்து வழக்குகள் பெருகவே, 1929-ல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள்: மீட்கும் நிபந்தனை அந்தக் கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது அடமானம் ஆகாது. நான் பிறப்பதற்கு முப்பது வருடம் முன்னால் டில்லியில் சேர்த்த ஒரு வரி எங்கள் இரண்டு ஏக்கரை எடுத்துக்கொண்டது. அடமானம் என்று எழுதியிருந்தால் கதை வேறு. அதே சட்டத்தின் 60-ஆவது பிரிவுப்படி, கடனைத் தீர்த்து மீட்கும் உரிமை அடமானம் வைத்தவனுக்கு உண்டு.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் பழைய கடன் கதைகளைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, நம்ம ஜில்லாவே அதில் வந்தது.

அப்போது கொடுமுடியெல்லாம் கோயமுத்தூர் ஜில்லா. (1979-ல் பெரியார் மாவட்டம் பிரிந்தது சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது.) அந்தக் கோயமுத்தூர் ஜில்லாவைப் பற்றி 1887-ல் ஒரு பெரிய புத்தகம் எழுதியவர் பிரெடரிக் நிக்கல்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரி. மண், மழை, கிணறு, பயிர், கடன் என்று எல்லாவற்றையும் பார்த்தவர். விவசாயிக்கு நியாயமான வட்டியில் கடன் கிடைக்க என்ன வழி என்று ஆராயச் சென்னை அரசு அவரைத்தான் நியமித்தது. 1895, 1897 இரண்டு வருடங்களிலும் அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் கிராமத்துக்குக் கிராமம் தொடங்கிய கடன் சங்கங்களைப் போல இங்கேயும் வேண்டும் என்பது அவர் முடிவு. 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததற்கு அவர் அறிக்கையும் ஒரு காரணம். நிலத்தை ஈடாக வைத்து நீண்ட காலக் கடன் கொடுப்பதற்கென்றே 1929-ல் சென்னையில் மத்திய நில அடமான வங்கி வந்தது. ஒரே வருடத்தைக் கவனியுங்கள். வாய்ச்சொல் செல்லாது என்று சட்டம் சொன்ன அதே 1929.

1938-ல் ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் போட்டது. பழைய கடன்களின் வட்டிப் பாக்கியைத் தள்ளி, அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியவன் கட்டியது போதும் என்ற அளவுக்குப் போன சட்டம். நல்ல காரியம்தான். ஆனால் சட்டம் கடனைத்தான் குறைக்கும். காகிதத்தில் கிரயம் என்று இருந்தால் அங்கே கடனே இல்லையே, எதைக் குறைக்கும்? கடன் கொடுப்பவர்களில் கெட்டிக்காரர்கள் ஏன் கிரயமாக எழுதி வாங்கினார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இதெல்லாம் நிலத்தின் மேல் வாங்கும் கடன். வீடு வாங்குவதற்கென்றே கடன் கொடுப்பது தனிக் கதை. அது ஏறக்குறைய நம் ஏலச்சீட்டு மாதிரிதான் ஆரம்பித்தது என்றால் நம்புவீர்களா? 1775-ல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் ரிச்சர்ட் கெட்லி என்பவர் நடத்திய விடுதியில் ஒரு கூட்டம் சேர்ந்தது. ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று போட்டு, சேர்ந்த பணத்தில் ஒவ்வொருவராக வீடு கட்டிக்கொண்டார்கள். எல்லோருக்கும் வீடு முடிந்ததும் சங்கத்தைக் கலைத்துவிடுவது வழக்கம். முதல் சீட்டு எடுத்தவன் நிம்மதியாக இருக்க, கடைசிச் சீட்டுக்காரன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்திருப்பான். நம் ஊர் போலத்தான்! சென்னையிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிதிகள் முளைத்தன. மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872-ல் தொடங்கியது. பக்கத்துக் கரூரில் வைசியா வங்கி 1916, லட்சுமி விலாஸ் வங்கி 1926. ஆனால் அவை வியாபாரத்துக்கும் விவசாயத்துக்கும். சம்பளக்காரன் ஒருவன் போய், "எனக்கு ஒரு வீடு வேணும், இருபது வருசத்துல கட்டறேன்" என்று கேட்க நம் நாட்டில் ரொம்ப காலம் ஆள் இல்லை.

அந்த ஆளாக வந்தவர் ஹெச்.டி. பரேக். ஐசிஐசிஐ நிறுவனத்தில் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1977-ல், அறுபத்தைந்து வயதைத் தாண்டியபின் ஹெச்டிஎஃப்சியைத் தொடங்கினார். அறுபதைத் தாண்டினால் ஈசிசேர்தான் என்று நினைக்கும் என் நண்பர்கள் கவனிக்கவும். வாழ்நாள் முழுக்கச் சேர்த்து, ஓய்வு பெறும்போது வரும் பணத்தில் வீடு கட்டி, அதில் நாலு வருடம் இருந்துவிட்டுப் போவதுதான் அன்றைய நடைமுறை. சம்பாதிக்கும் வயதிலேயே வீடு என்பது அவர் யோசனை. 1978-ல் பங்கு வெளியிட்டபோது அது முழுதாகக்கூட விற்கவில்லை. தேசிய வீட்டுவசதி வங்கி 1988-ல்தான் வந்தது. அதாவது, உங்களுக்குப் பழைய சம்பிரதாயம் போலத் தெரிகிற இந்த வீட்டுக் கடன், உங்கள் அப்பா அம்மா கல்யாணத்தின் வயதுதான்.

இப்போது என் மாணவி கேட்ட காகிதங்களுக்கு வருகிறேன்.

முதல் சிக்கல் அவள் வீட்டுக்காரரின் மதிப்பெண். சிபில் மதிப்பெண் 300-ல் தொடங்கி 900-ல் முடியும். அவருக்கு மதிப்பெண்ணே இல்லை, ஏனென்றால் வண்டியைக்கூட மாமனார் பணத்தில் ரொக்கமாக வாங்கியவர். யாரிடமும் கடன் வாங்காதவன் நம் ஊரில் யோக்கியன். அங்கே அவன் ஊர் பேர் தெரியாத ஆள். அந்தக் காலத்தில் கடன் கேட்டுப் போனால் "யார் மகன், எந்த வீடு" என்று கேட்பார்கள். சிபில் நிறுவனம் தொடங்கியது 2000-ல். கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் 2005-ல். அந்தப் பழைய கேள்விக்குத்தான் இப்போது எண்ணில் பதில் வருகிறது. கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறைகளில் இருக்கிறது. இதை நான் சொன்னதும் போனில் அவள் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. வருடத்துக்கு ஒருமுறை உங்கள் அறிக்கையை இலவசமாக வாங்கிப் பார்க்கலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பார்த்தால் சில பேருக்குத் தவணையில் வாங்கிய பழைய செல்போன் பாக்கி தெரியும்!

இரண்டாவது, வண்டிக்காரரின் வருமானம். டீசல் போக என்ன நிற்கிறது என்பது அவருக்கே சாயங்காலம்தான் தெரியும், காகிதத்தில் எங்கே காட்டுவது? வருமான வரிக் கணக்கும் வங்கிக் கணக்கும் கேட்டார்கள். நல்லவேளையாக இரண்டு வருடமாக வாடகைப் பணம் பெரும்பாலும் போன் வழியாகக் கணக்கில் விழுந்திருக்கிறது. தேங்காய் மண்டிக்காரர்கள் போனில் பணம் போட ஆரம்பித்தது இப்படி உதவும் என்று யார் கண்டார்கள்?

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. "கேள்வியே கேக்காமக் குடுத்தா என்னங்கய்யா" என்றாள். கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 2000-க்குப் பிறகு சில வருடம் வருமானச் சான்றே இல்லாமல் வீட்டுக் கடன் கொடுத்தார்கள். முதல் இரண்டு வருடம் குறைந்த தவணை, பிறகு ஏறும். வீட்டு விலை ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கை. விலை இறங்கியதும் லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்தபோது திருப்பூரில் ஆர்டர் குறைந்து வேலை போனவர்கள் நம் உறவிலேயே உண்டு.

மூன்றாவதுதான் அக்கா கையெழுத்து. இதில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கொங்கு நாட்டில் பாதி வீட்டுக் கடன்கள் இங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

விற்கிறவருக்கு அந்த இடம் அப்பா வழியில் வந்தது. 1996-ல் அண்ணன் தம்பி இரண்டு பேரும் கூர்ச்சீட்டு எழுதிப் பிரித்துக்கொண்டார்கள், பதிவு செய்யவில்லை. அக்காவுக்குச் சீர் செய்து அனுப்பியாயிற்று, அவளுக்கு என்ன பங்கு என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. ஆனால் சட்டம் நடந்துகொண்டே இருந்தது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு என்று கலைஞர் ஆட்சியில் திருத்தம் வந்தது. அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அதில் இடம் இல்லை. 2005-ல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோது அந்த வேலியும் போய்விட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவு செய்த பாகப்பிரிவினை அல்லது கோர்ட்டு தீர்ப்பு இருந்தால் மட்டும் அதைத் தொடமாட்டார்கள். 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் உறுதியாகச் சொல்லிவிட்டது. பதிவு செய்யாத கூர்ச்சீட்டை நம்பி 25 லட்சம் கொடுக்க எந்த வங்கி வக்கீல் ஒப்புவார்? அந்த அம்மாள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், அல்லது கிரயத்தில் கூடக் கையெழுத்துப் போட வேண்டும்.

என் மாணவி யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்ப அந்தம்மாவுக்கு நியாயமா வர வேண்டியதுங்களா அது?" என்றாள். ஆமாம் கண்ணு என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அவளுக்கும் இரண்டு தம்பிகள்.

மற்ற காகிதங்களுக்கும் இப்படிக் கதை உண்டு. நீளும் என்பதால் ஓட்டமாகச் சொல்கிறேன். பட்டாவில் பெயர் ஏன் மூலப்பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்கிறார்கள்? 1980-களில் யு.டி.ஆர். என்று நில ஆவணங்களைப் புதுப்பித்தபோது விழுந்த பிழைகளை இன்னும் சரிசெய்து முடியவில்லை. என் சித்தப்பா நிலம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பெயருக்குப் போய், அதைத் திருத்த அவர் நடந்த நடையில் மூன்று செருப்பு தேய்ந்தது. மனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று ஏன் குடைகிறார்கள்? வயலைக் கூறு போட்டு, கல் நட்டு, கொடி கட்டி விற்றதையெல்லாம் பார்த்தோமே. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது. அப்போது சீட்டுப் பணத்தில் மனை வாங்கி வைத்திருந்த எத்தனை பேர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள்! அடுத்த வருடம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்குத்தான் அந்த வழி. முதல் வீடு வாங்குபவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

என் கதையையும் சொல்லியாக வேண்டும், வாத்தியார் உபதேசம் மட்டும் செய்கிறார் என்று நினைக்கக் கூடாது.

1992-ல் நான் வீடு கட்ட ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் 75,000 ரூபாய் கேட்டேன். எந்தச் சங்கம் என்பது வேண்டாம். இரண்டு ஜாமீன் கேட்டார்கள். உடன் வேலை பார்த்த ஆசிரியர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதில் ஒருவர் வீட்டில் அதற்காகச் சண்டை வந்து, அவர் மனைவி இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. விண்ணப்பம் கொடுத்து ஏழு மாதம் பதில் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் சைக்கிளில் போய் நிற்பேன். "அடுத்த வாரம் வாங்க சார்." வகுப்பில் எண்பது பிள்ளைகளை அடக்கும் நான், அந்த மேசைக்கு முன்னால் வாயைத் திறக்காமல் நின்றேன். அப்பா அந்த மனிதர் வாசலில் நின்றது ஞாபகம் வரும். மழைக்கு முன் கடைக்கால் போட்டாக வேண்டும் என்று வீட்டுக்காரம்மா தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். பணம் மூன்று தவணையாக வந்தது: கடைக்காலுக்கு, லிண்டலுக்கு, கான்கிரீட்டுக்கு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆள் வந்து பார்க்க வேண்டும், வந்து பார்க்க நாம் போய் அழைக்க வேண்டும். அன்றைக்கு இது கிடைத்ததே பெரிது. 1990-களின் நடுவில் வெளியே வீட்டுக் கடன் வட்டி பதினைந்து சதவீதத்தைத் தாண்டி நின்றது.

2007-ல் கடைசித் தவணை கட்டினேன். பத்திரம் கையில் வந்தது பதினாலு மாதம் கழித்து. "பீரோ சாவி இருக்கிறவர் லீவு", "ஃபைலைக் காணோம்", "கிடைச்சிருச்சு, கையெழுத்துப் போடறவர் மாறிட்டார்". அந்தப் பதினாலு மாதமும், கடன் வாங்கும் முன் இருந்த பயத்தைவிடப் பெரிய பயம் எனக்கு. இப்போது வங்கிகளுக்கும் வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி கணக்கு வைத்திருக்கிறது. கடன் முடிந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கடன்காரருக்குக் கொடுக்க வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறை. பதினாலு மாதத்தை 5,000-ஆல் பெருக்கிப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

பத்திரத்தை வங்கியில் வைப்பது பற்றிப் பலருக்கு ஒரு குழப்பம். கொடுத்தால் வீடு வங்கிக்குச் சொந்தமா? இல்லை. சொத்து உங்கள் பெயரில்தான் இருக்கும். பத்திரத்தை ஒப்படைத்து வைக்கும் அடமானம் இது. சட்டத்தில் முதலில் சென்னை, கல்கத்தா, பம்பாய் போன்ற வணிக நகரங்களுக்கு மட்டும் இருந்தது, பிறகு அரசு அறிவிக்கும் ஊர்களுக்கும் வந்தது. அதைப் பதிவு செய்வதால் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். கடன் முடிந்ததும் அந்தப் பதிவை ரத்துச் செய்யும் பத்திரமும் போட வேண்டும். நிறையப் பேர் இதை மறந்துவிட்டு, மகன் விற்கப் போகும்போது விழிக்கிறார்கள்.

சரி, கணக்கு வாத்தியார் கணக்குப் போடாமல் போனால் எப்படி? 25 லட்சம், 20 வருடம், வட்டி 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 20,900. மொத்தம் 240 தவணை, ஏறக்குறைய 50 லட்சம் கட்டுவீர்கள். முதல் மாதத் தவணையில் வட்டிக்குப் போவது 16,667. அசலில் கழிவது 4,244 மட்டும். இதைச் சொன்னதும் என் மாணவி "அய்யோ" என்றாள். பயமுறுத்தச் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் மூன்று வருடத்துக்கு மேல் குறையும். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க வங்கிகள் அபராதம் கேட்கக் கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. வட்டி ஏறும், இறங்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 2020 மே மாதம் 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.5. அந்த இடைவெளியில் தவணை ஏறாமல் வருடம் ஏறியவர்கள் உண்டு. ஐம்பத்தெட்டில் முடிய வேண்டியது அறுபத்தைந்துக்குப் போய்விடும். வங்கியில் கேளுங்கள், ஏறினால் எது ஏறும், தவணையா வருடமா என்று. கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

பத்திரச் செலவு 9 சதவீதம் கையிலிருந்து போட வேண்டும் என்பதையும் இவர்கள் கணக்கில் விட்டிருந்தார்கள். 28 லட்சத்துக்கு இரண்டரை லட்சம். அதற்குத்தான் இப்போது அவள் அம்மாவின் நகை கூட்டுறவு வங்கிக்குப் போயிருக்கிறது. அக்ரிமெண்ட் எழுதும்போது "வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இந்த இரண்டு மாதத் தூக்கம் மிஞ்சியிருக்கும். யாரும் சொல்லித் தரவில்லை. நானும் நாலாம் வகுப்பில் இதைச் சொல்லித் தரவில்லையே.

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விற்கிறவரைப் போன சனிக்கிழமை நானே போய்ப் பார்த்தேன். அவர் தம்பியும் என்னிடம் படித்தவன் என்பதால் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். அக்ரிமெண்டின் பின்பக்கம் இன்னும் 45 நாள் கால நீட்டிப்பு எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா வெள்ளகோவிலில் இருக்கிறார். ஒரு கெடா விருந்தில் வந்த மனத்தாங்கலில் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். தம்பிகள் இரண்டு பேரும் போனார்கள். அந்த அம்மாள் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லவில்லை. "என் பங்குக்கு என்ன குடுக்கறீங்க" என்று கேட்டிருக்கிறார். நாற்பது வருடம் கழித்துக் கேட்கிறார். இரண்டு லட்சத்தில் முடிந்திருக்கிறது. குறைவுதான் என்பது என் எண்ணம். தம்பிகளுக்கு அது அதிகம்.

நேற்று மத்தியானம் வங்கி கடனுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது. வட்டி, கட்டணம், அபராதம் எல்லாம் அடங்கிய முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கூடவே கொடுக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல் இது கட்டாயம். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், அவருக்கு விளக்கிச் சொல்லவும் வேண்டும், முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. முதலில் ஆங்கிலத்தில் கொடுத்தார்களாம். இவள் தமிழில் கேட்டு வாங்கியிருக்கிறாள். "கேக்கறதுக்குள்ள நெஞ்சு படபடன்னு அடிச்சிருச்சுங்கய்யா" என்றாள்.

வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். மூன்றாம் பக்கத்தில் காப்பீட்டுக்கென்று 38,000 ரூபாய் கடனோடு சேர்த்திருப்பது தெரிகிறது, அதை அவள் கேட்டதாகச் சொல்லவில்லை. திங்கட்கிழமை போய் என்னவென்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். எழுத்து பொடியாக இருக்கிறது. மருமகனிடம் கொடுத்துப் பெரிதாக அச்செடுத்து வரச் சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.